தனிஜெபத்துக்கு எந்த வழி? உரிமையும் பயபக்தியும் சேர்ந்திருக்க ஓர் ஒப்பீடு

தனிஜெபத்தைப் புதிதாகத் தொடங்குகிறவரும், நடுவில் விட்டுப்போய் மறுபடி தொடங்குகிறவரும் சீக்கிரமே வந்து முட்டிக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. கடவுளிடம் எந்த உரிமையில் பேசுவது? மனதில் இருப்பதை அப்படியே கொட்டு, அவர் உன் தகப்பன் என்கிறார் ஒருவர். யாருக்கு முன்னால் நிற்கிறாய் என்று தெரிந்துதான் வாயைத் திறக்கிறாயா என்கிறார் இன்னொருவர். இருவர் கையிலும் வசனம் இருக்கிறது. எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் 4-ஆம் அதிகாரம் “தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்” என்று அழைக்கிறது. அதே நிருபத்தின் 12-ஆம் அதிகாரம் “நம்முடைய தேவன் பட்சிக்கிற அக்கினியாயிருக்கிறாரே” என்று முடிகிறது. இரண்டையும் எழுதிய கை ஒன்றுதான். அந்தக் கைக்கு இதில் முரண்பாடு எதுவும் தட்டுப்படவில்லை.

நான்கு வழிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பிறர் அமைத்துக் கொடுத்த ஜெபத்தைச் சொல்வது, சொந்த வார்த்தையில் ஜெபிப்பது, வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதத்தை எடுத்து அதையே ஜெபமாக்குவது, வார்த்தையைக் குறைத்துக்கொள்வது. நான்குக்கும் அளவுகோல் ஒன்றே: உரிமையும் பயபக்தியும் ஒன்றையொன்று விழுங்காமல் இருக்க எது அதிகம் உதவுகிறது? கடவுளை நீ என்பதா, நீர் என்பதா, நீங்கள் என்பதா என்ற வழக்குக்குள் நான் போகப்போவதில்லை. மரியாதைச் சொல்லில் அலட்சியமாகப் பேசவும் முடியும், ஒருமையில் நடுங்கிக்கொண்டு பேசவும் முடியும்.

இரண்டில் ஒன்று மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். உரிமை மட்டும் மிஞ்சினால் ஜெபம் கோரிக்கை மனுவாகிவிடுகிறது. கேட்கிறவரின் வேலை, கடன், மூட்டுவலி எல்லாம் அதில் இருக்கும், கேட்கப்படுகிறவரைக் காணோம். பயபக்தி மட்டும் மிஞ்சினால் வேறு விதமான பொய் நுழைகிறது. உள்ளே கொதித்துக்கொண்டிருக்கிறவர் கொதிப்பை மூடிவைத்துவிட்டு ஸ்தோத்திரம் சொல்கிறார். நீர் எல்லாம் அறிந்தவர் என்று வாயால் அறிக்கையிட்டுக்கொண்டே அவரிடமிருந்து ஒளிக்கிறார். முதல் ஆபத்தைப் பற்றிப் பிரசங்கங்களில் நிறையவே கேட்கிறோம். இரண்டாவது பார்ப்பதற்கு ஒழுக்கமாகத் தெரிவதால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் அதிகம் பேரை ஜெபத்தைவிட்டே விரட்டுகிறது.

பிறர் அமைத்துக் கொடுத்த ஜெபம்

கர்த்தருடைய ஜெபம், ஜெபமாலை, 1549-இல் தாமஸ் கிரான்மர் இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தொகுத்துக் கொடுத்த ஜெபப் புத்தகத்தின் வழிவந்த காலை மாலை ஜெபங்கள் எல்லாம் இந்த வகையில் சேரும். இதன்மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டு தெரிந்ததுதான்: வாய் ஓடும், மனம் வேறெங்கோ இருக்கும். உண்மை. “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்று தொடங்கி ஆமென் வந்து சேர அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்துக்குள் நாளைக்குக் கட்டவேண்டிய தொகையை மனக்கணக்காகக் கூட்டி முடித்துவிடவும் முடியும்.

ஆனால் இந்தக் குற்றச்சாட்டைச் சொல்கிறவர்கள் மத்தேயு 6:7-ஐக் கையில் எடுக்கிறார்கள். வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று இயேசு சொன்ன இடம் அது. இரண்டு வசனம் தள்ளிப் போனால் 6:9. அங்கே அதே இயேசு, வார்த்தை வார்த்தையாக ஒரு ஜெபத்தைச் சொல்லிக்கொடுக்கிறார். மனப்பாட ஜெபத்துக்கு எதிராக மேற்கோள் காட்டப்படும் வசனத்துக்கு அடுத்த வீட்டிலேயே உலகத்தில் அதிகம் மனப்பாடம் செய்யப்பட்ட ஜெபங்களில் ஒன்று குடியிருக்கிறது.

அந்த ஜெபத்தின் வரிசையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். முதலில் பிதா என்ற உறவு. உடனே அவருடைய நாமம், அவருடைய ராஜ்யம், அவருடைய சித்தம். அதற்குப் பிறகே அன்றன்றைய ஆகாரம். பிதா என்று கூப்பிட்டதற்கும் சோறு கேட்பதற்கும் நடுவே மூன்று விண்ணப்பங்கள். மூன்றிலும் கேட்கிறவரின் காரியம் ஒன்றுகூட இல்லை. ஆகாரம் கேட்கும்போதும் ‘எங்களுக்கு’ என்றுதான் கேட்கிறது. ‘எனக்கு’ ஓரிடத்திலும் கிடையாது. சொந்த வார்த்தையில் ஜெபிக்கிற எவரும் இப்படியொரு வரிசையைத் தாமாக அமைத்துக்கொள்வார் என்று நான் நம்பவில்லை. அமைத்துக் கொடுத்த ஜெபத்தின் பலம் இதுதான். நமக்குத் தோன்றாததை நம் வாயில் வைக்கிறது. நம்மை வெறுக்கிறவரை, நாம் மறந்துபோனவரை, நாம் வாக்களிக்காத ஆட்சியாளரை எல்லாம் ஜெபத்துக்குள் இழுத்து வருகிறது.

ஸ்பெயினைச் சேர்ந்த அவிலாவின் தெரேசா (1515–1582) இங்கே ஒரு நல்ல சாட்சி. ஜெபம் என்பது நம்மை நேசிக்கிறவர் என்று நாம் அறிந்த ஒருவரோடு நட்பாகப் பேசிக்கொண்டிருப்பது என்று விளக்கியவர் அவர். அப்படி விளக்கியவர்தான் கடவுளைக் குறிப்பிடும்போது அரசரைக் குறிக்கும் ‘மாட்சிமை’ என்ற பட்டத்தைத் தம் எழுத்துகளில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். தம் மடத்துச் சகோதரிகளுக்கு எழுதும்போது வயதான கன்னியாஸ்திரீ ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். அந்த அம்மாளுக்கு வாயால் சொல்லும் ஜெபத்தைத் தவிர வேறொன்றும் வராது. தியானம் கைகூடவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டு தெரேசாவிடம் வருகிறார். விசாரித்துப் பார்த்தால், கர்த்தருடைய ஜெபத்தைப் பிடித்துக்கொண்டே அவர் மிக ஆழ்ந்த தியானநிலைக்குப் போயிருக்கிறார். அது அவருக்கே தெரியவில்லை. அதேசமயம், யாரிடம் பேசுகிறோம் என்ற நினைவில்லாமல் உதடு எத்தனை அசைந்தாலும் அதை ஜெபம் என்று ஒப்புக்கொள்ள தெரேசா தயாராக இல்லை. ஆகவே பிறர் அமைத்த ஜெபம் என்பதில் குற்றமில்லை. அதை ஓட்டும் வேகத்தில்தான் இருக்கிறது.

சொந்த வார்த்தை

அன்னாளிடமிருந்து தொடங்கலாம். 1 சாமுவேல் முதல் அதிகாரம். அவள் உதடு அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியனாகிய ஏலி பார்த்துவிட்டு, குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டிக் கண்டிக்கிறான். வழிபாட்டு ஒழுங்கைக் காக்க உட்கார்ந்திருந்தவன் கண்ணுக்கு உண்மையான ஜெபம் போதையாகத் தெரிந்தது. அவள் சொன்ன பதில்: “நான் கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்.” ஊற்றியது என்னவோ ஒரு பெண்ணின் மிக அந்தரங்கமான ஏக்கம், ஓர் ஆண்பிள்ளை வேண்டும் என்பது. ஆனால் அதைக் கேட்க அவள் எடுத்த விளி “சேனைகளின் கர்த்தாவே.” வானத்துச் சேனைகளுக்கெல்லாம் அதிபதியானவரை, தன் மடியில் ஒரு குழந்தைக்காகக் கூப்பிடுகிறாள். பட்டம் பெரிதாக இருந்ததால் கேட்பதற்குக் கூச்சம் வரவில்லை. பட்டம் பெரிதாக இருந்ததால்தான் கேட்டாள் என்றுகூடச் சொல்லலாம்.

ஆபிரகாமின் பேரமும் இந்த ரகம்தான். அழிவுக்குக் குறிக்கப்பட்ட சோதோம் நகரத்துக்காக 50 நீதிமான்களில் தொடங்கி 45, 40, 30, 20, கடைசியில் 10 வரை இறங்குகிறார். “சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ” என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிறார். இவ்வளவு உரிமையாகப் பேசுகிறவர் நடுவில் சொல்வதைப் பாருங்கள்: “தூளும் சாம்பலுமாயிருக்கிற அடியேன் ஆண்டவரோடே பேசத்துணிந்தேன்.” அதைச் சொன்னதற்காகப் பேரத்தை நிறுத்தவில்லை. பேரம் நடக்கிறதே என்று அதைச் சொல்லாமலும் விடவில்லை.

இனி பலவீனங்கள். சொந்த வார்த்தை என்கிறோமே, அதில் எத்தனை வார்த்தை உண்மையில் சொந்தம்? குடும்ப ஜெபத்தில் யாராவது கண்ணை மூடித் தொடங்கட்டும். “கடந்த இரவு முழுவதும் கண்ணின்மணிபோல் காத்தீரே” என்று வரும். “இந்த நல்ல வேளைக்காக ஸ்தோத்திரம்” வரும். மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் ஓர் “ஆண்டவரே” விழும். கடைசியில் “ஜெபங்கேளும் நல்ல பிதாவே, ஆமென்.” இது அச்சடிக்கப்படாத ஜெபப் புத்தகம், சிறு வயதிலிருந்து கேட்டுக் கேட்டு மனதில் பதிந்தது. அந்தச் சொற்களை நான் குறைசொல்லவில்லை. கண்மணியைப்போலக் காப்பது 17-ஆம் சங்கீதத்திலேயே இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. நான் சுயமாக ஜெபிக்கிறேன், அவர்கள் சடங்காக ஒப்பிக்கிறார்கள் என்று இதைச் சொல்லிக்கொண்டே ஒருவர் பெருமைப்படும்போதுதான் சிரிப்பை அடக்க முடிவதில்லை.

இன்னொரு பலவீனம் இதைவிடப் பெரியது. சொந்த வார்த்தை, மனநிலை போகிற போக்கில் போகும். மனம் நிறைந்திருக்கும் நாளில் ஊற்றாகப் பாய்கிறது. வறண்ட நாளில் வாய் திறப்பதில்லை. துக்கமான நாளில் என்ன சொல்வதென்றே தெரிவதில்லை. நாளடைவில் நம் கவலைகளின் வட்டமும் ஜெபத்தின் வட்டமும் ஒன்றாகிவிடுகின்றன.

ஆனால் வேறெந்த வழியாலும் தர முடியாத ஒன்றை இது தருகிறது: கோபத்தைக் கோபமாகவே சொல்லும் இடம். நினிவே நகரத்தை எச்சரிக்கக் கடவுள் அனுப்பியபோது ஓடிப்போன தீர்க்கதரிசி யோனாவை எடுத்துக்கொள்ளுங்கள். மீனின் வயிற்றில் அவன் செய்யும் ஜெபம் வரிக்கு வரி சங்கீதத்தின் சாயலில், குறைசொல்ல இடமில்லாமல் இருக்கிறது. நினிவே மன்னிக்கப்பட்டதும் 4-ஆம் அதிகாரத்தில் வெடிக்கிறான். நீர் இரக்கமுள்ளவர், நீடிய சாந்தமுள்ளவர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் ஓடினேன் என்கிறான். துதியாகச் சொல்லவேண்டிய வரியை அப்படியே புகாராகத் திருப்பிவிடுகிறான், செத்துப்போகிறேன் என்கிறான். மீனின் வயிற்றில் செய்த ஜெபத்துக்குக் கடவுள் யோனாவிடம் ஒன்றும் பேசவில்லை, மீனுக்குக் கட்டளையிட்டார், அவ்வளவுதான். கோபத்தில் செய்த ஜெபத்துக்கோ கேள்வி கேட்டுப் பேச்சைத் தொடங்குகிறார்: “நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ?”

சங்கீதத்தை ஜெபமாக்குவது

நான் பரிந்துரைக்கப்போவது இந்த வழியை என்பதால் இதில் கொஞ்சம் தங்குகிறேன். செய்யவேண்டியது இவ்வளவுதான். ஒரு சங்கீதத்தை எடுத்து, ஒரு வரியைச் சத்தமாக வாசித்து, நிறுத்தி, அந்த வரி நம்முடைய எந்தக் காரியத்தைத் தொடுகிறதோ அதைச் சொந்த வார்த்தையில் சொல்லிவிட்டு, அடுத்த வரிக்குப் போகவேண்டும்.

13-ஆம் சங்கீதம் இதற்குத் தோதானது. ஆறே வசனங்கள். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?” என்று எடுத்த எடுப்பிலேயே கேட்கிறது. முதல் இரண்டு வசனங்களுக்குள் ‘எதுவரைக்கும்’ நான்கு தடவை வருகிறது. வெகுகாலம் ஒரே விண்ணப்பத்தோடு காத்திருக்கிறவர் இங்கே வேறு எதையும் தேட வேண்டாம். ஒவ்வோர் எதுவரைக்கும் முடிந்ததும் தம் காரியத்தைப் பெயர் சொல்லி வைத்துவிடலாம். நான்காவதில் சத்துரு வருகிறான். சத்துரு என்று சொல்ல ஆளில்லாதவர் நோயின் பெயரைச் சொல்லலாம், பழக்கத்தின் பெயரைச் சொல்லலாம்.

மூன்றாம் வசனத்தில் தொனி மாறுகிறது. “என் தேவனாகிய கர்த்தாவே, நீர் நோக்கிப்பார்த்து, எனக்குச் செவிகொடுத்தருளும்.” மறந்துவிட்டீரே என்று குற்றம் சாட்டிய வாய்தான் ‘என் தேவன்’ என்கிறது, செவிகொடுத்தருளும் என்று பணிகிறது. உரிமையும் பயபக்தியும் இங்கே ஒரே மூச்சில் வருகின்றன. அவற்றை நாம் தயாரிக்க வேண்டியதில்லை, வாசித்தால் போதும்.

கடைசி இரண்டு வசனங்கள் நம்பிக்கைக்கும் பாட்டுக்கும் தாவுகின்றன. பலர் தடுமாறும் இடம் இது. என் மனம் இன்னும் இரண்டாம் வசனத்திலேயே நிற்கிறதே, ஆறாம் வசனத்தை எப்படிச் சொல்வது? தாவீது இங்கே வந்து சேர்ந்தார், நான் இன்னும் வரவில்லை என்றே சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அதுவும் ஜெபம்தான். வராத மகிழ்ச்சியை வந்ததாகச் சொல்வதைவிட நல்ல ஜெபம்.

சங்கீதப் புத்தகம் முழுவதும் இப்படி எதிர்பாராத உரிமைகளைக் கையில் கொடுக்கிறது. 44-ஆம் சங்கீதம் “ஆண்டவரே, விழித்துக்கொள்ளும்; ஏன் நித்திரைபண்ணுகிறீர்?” என்று கேட்கிறது. நாமாகக் கேட்கத் துணிந்திருக்க மாட்டோம். 88-ஆம் சங்கீதம் கடைசிவரை இருட்டிலேயே நடந்து, ஒரு ஆறுதல் வரிகூட இல்லாமல் முடிகிறது. ஆனால் முதல் வரியில் அது கூப்பிடுவது “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே” என்றுதான். இவை இரண்டுக்கும் மேலே உள்ள தலைப்பைக் கவனித்தீர்களா? கோராகின் புத்திரருடையவை, இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்டவை. யாரோ ஒருவர் அறைக்குள் அழுதுவிட்டுக் கிழித்துப்போட்ட காகிதங்கள் அல்ல இவை. வழிபாட்டில் பாடுவதற்காகப் பாடகரிடம் கொடுக்கப்பட்டவை. முறையிடுவது பயபக்திக்கு விரோதம் என்று நினைக்கிறவர்கள், ஆலயத்திலேயே முறையிட்டுப் பாடியவர்களை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.

இயேசுவின் கடைசி நேரத்தைப் பார்த்தால் இந்த வழி இன்னும் தெளிவாகும். சிலுவையில் அவர் கூப்பிட்ட “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. லூக்கா 23:46-இல் வரும் “பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்” என்பது 31-ஆம் சங்கீதத்தின் 5-ஆம் வசனம். சங்கீதத்தில் இல்லாத ஒன்றே ஒன்று அதில் கூடுதலாக இருக்கிறது: பிதாவே. தலைமுறை தலைமுறையாக எல்லோரும் சொல்லிவந்த வரியை எடுத்து, அதன் தலையில் தம் சொந்த உறவை வைத்தார். பிறர் வார்த்தையா சொந்த வார்த்தையா என்ற நம்முடைய வழக்கு அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிப்போகிறது.

இதே முறையைக் கர்த்தருடைய ஜெபத்துக்கும் கையாளலாம். 1535-இல் மார்ட்டின் லூத்தர் தம் முடிதிருத்துநரான பேதுருவுக்கு ஜெபிக்கும் விதம் பற்றி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் சொந்த வார்த்தையில் விரித்துக் காட்டிவிட்டு, நான் எழுதியதை அப்படியே திருப்பிச் சொல்லாதே என்றும் எச்சரிக்கிறார். ஒரு விண்ணப்பத்திலேயே நல்ல எண்ணங்கள் பெருகி வந்தால் மற்றவற்றை விட்டுவிட்டு அமைதியாகக் கேள் என்கிறார். கவனம் சிதறுவதைப் பற்றி அந்த மனிதரிடம் அவர் தொழிலை வைத்தே பேசுகிறார்: நல்ல முடிதிருத்துநர் கண்ணையும் மனதையும் கத்தியிலும் முடியிலும் வைத்திருக்கவேண்டும், அரட்டையடித்துக்கொண்டு பராக்குப் பார்த்தால் வாயையோ மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவார். பெரிய இறையியல் பேராசிரியர் தம் மோவாயைக் கத்திக்குக் கொடுத்திருந்த ஆளுக்கு இதை எழுதினார் என்பதை நினைத்தால் அந்த உவமையின் அக்கறை புரியும்.

இந்த வழியிலும் குறைகள் உண்டு. வாசிக்க வெளிச்சமும் நிதானமும் வேண்டும், அவசரத்துக்கு ஆகாது. சபிக்கும் சங்கீதங்கள், உதாரணமாக 109, வழிகாட்டுதல் இல்லாமல் இறங்குகிறவரைத் திணறவைக்கும். நாம் சந்தோஷமாக இருக்கும் நாளில் புலம்பல் சங்கீதம் வந்து நிற்கும். அன்றைக்கு அது வேறு யாருக்காகவோ செய்யும் ஜெபம் என்று எடுத்துக்கொள்வது நல்லது. இன்று அந்த வரிகளுக்குள் இருக்கும் ஒருவரை நமக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

வார்த்தையைக் குறைத்தல்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். லூக்கா 18-இல் ஆயக்காரன் தூரத்தில் நின்று, கண்ணை ஏறெடுக்கவும் துணியாமல் சொன்னது ஒரே வரி: “தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.” கீழைத் திருச்சபைகள் இதையொட்டி இயேசுவின் பெயரைச் சேர்த்து ஒரு சிறு ஜெபமாக்கி, மூச்சோடு மூச்சாகத் திரும்பத் திரும்பச் சொல்லும் மரபை வளர்த்தன. ஆஸ்பத்திரிப் படுக்கையில், பயணத்தில், தூக்கம் வராத இரவில் இதற்கு இணை இல்லை. முழு மௌனம் வேறு. அது பழகினவர்களுக்குப் பெரிய கொடை. புதியவர்களுக்குப் பெரும்பாலும் தம் யோசனைகளையே கேட்டுக்கொண்டிருக்கும் நேரமாக முடிகிறது. முதல் வழியாக அதைத் தேர்ந்தெடுக்க யாருக்கும் சொல்லமாட்டேன்.

உடம்பின் பங்கு

ஒப்பீட்டில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். நாம் உரிமை, பயபக்தி இரண்டையும் வார்த்தையின் தலையிலேயே ஏற்றிவிடுகிறோம். கெத்செமனேயில் அப்படி நடக்கவில்லை. மாற்கு 14:35-இல் இயேசு தரையிலே விழுகிறார். அடுத்த வசனத்தில் “அப்பா பிதாவே” என்கிறார். மிக நெருக்கமான விளி, மிகத் தாழ்ந்த நிலையில் கிடக்கும் உடம்பிலிருந்து வருகிறது. இந்தப் பாத்திரத்தை எடுத்துப்போடும் என்று ஒளிவுமறைவில்லாமல் கேட்டுவிட்டு, உம்முடைய சித்தத்தின்படியே ஆகட்டும் என்று ஒப்புக்கொடுக்கவும் செய்கிறார். அதே இரவில் மூன்றாந்தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார்.

ஆகவே வாய் உரிமை எடுத்துக்கொள்ளும்போது பயபக்தியை உடம்பு தாங்கட்டும். முழங்கால்போட முடிந்தவர் போடலாம். எழுந்து நிற்கலாம். செருப்பைக் கழற்றலாம்; முட்செடிக்கு முன்னால் மோசேயிடம் முதலில் கேட்கப்பட்டது அதுதான். முழங்கால் மடங்காதவருக்கும் படுக்கையோடு இருக்கிறவருக்கும் எசேக்கியா ராஜா இருக்கிறார். மரணப்படுக்கையில் அவரால் செய்ய முடிந்தது, முகத்தைச் சுவர்ப்புறமாகத் திருப்பிக்கொண்டது மட்டுமே. அப்படியே ஜெபித்தார், அழுதார், கேட்கப்பட்டார்.

யார் எதை எடுப்பது

பொதுவாகத் தொடங்குகிறவருக்குச் சங்கீத வழி என்றேன். சிலருக்கு அது முதல் வழி ஆகாது.

பிறந்ததிலிருந்து ஜெபங்களை ஒப்பித்தே வளர்ந்து, எந்த வரியும் காதில் விழாத அளவுக்குத் தோல் தடித்துப்போனவர் கொஞ்சகாலம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொந்த வார்த்தையில், வழக்கமான சொற்றொடர் ஒன்றுகூடப் போடாமல், நான்கைந்து வாக்கியம் மட்டும் பேசிப் பார்க்கட்டும். கஷ்டமாக இருக்கும். அந்தக் கஷ்டம் தேவையானதுதான். தலைகீழாக, எப்போதும் உணர்ச்சிப் பெருக்கில் ஜெபித்துப் பழகி, அது வற்றியதும் கடவுளே போய்விட்டார் என்று கலங்குகிறவருக்கு, நேரம் வைத்துச் சொல்லும் காலை மாலை ஜெபம்தான் நல்லது. உணர்ச்சி இல்லாத நாளிலும் வாசல் திறந்துதான் இருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும். தெரேசாவே பல ஆண்டுகள், நற்கருணை வாங்கிய வேளை தவிர, கையில் புத்தகமில்லாமல் ஜெபத்தில் இறங்கத் துணிந்ததில்லை என்று எழுதியிருக்கிறார்.

துக்கவீட்டில் இருக்கிறவரிடம் சொந்த வார்த்தையை எதிர்பார்க்கவே கூடாது. வேண்டிக்கொள்ளவேண்டியது இன்னதென்று தெரியாத வேளையில் ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல்செய்கிறார் என்று ரோமர் 8 சொல்லும்போது, பெருமூச்சையே ஜெபக் கணக்கில் சேர்த்துவிடுகிறது.

தகப்பன் என்ற சொல்லே காயமாக இருக்கிறவர்கள் உண்டு. அடித்த தகப்பன், விட்டுப்போன தகப்பன். அவர்களிடம் பிதாவே என்று கூப்பிடு, நெருக்கம் வரும் என்று சொல்வது கொடுமை. வேதத்தில் கடவுளை அழைக்க வேறு விளிகள் நிறைய இருக்கின்றன: மேய்ப்பர், கன்மலை, கேடகம், அடைக்கலம். “ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்” என்று ஏசாயா 66-இல் அவரே சொல்கிறார். அங்கேயிருந்து தொடங்கலாம், பிதா என்ற சொல் பிறகு வரட்டும், அல்லது வராமலும் இருக்கட்டும்.

குற்றவுணர்வோடு வருகிறவருக்கு லூக்கா 15-இன் இளைய குமாரன் துணை. அவன் வழியிலேயே பேச்சைத் தயாரித்துக்கொள்கிறான். தகப்பனே, பாவஞ்செய்தேன், உம்முடைய குமாரன் எனப்படப் பாத்திரன் அல்ல, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். மூன்று பகுதிகள். வீட்டுக்கு வந்து ஒப்பிக்கும்போது இரண்டு பகுதிகள்தான் வெளியே வருகின்றன. கூலிக்காரன் பகுதி வருவதற்குள் தகப்பன் வேலைக்காரரைப் பார்த்து உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். தயாரித்துக்கொண்டு போனதில் தவறில்லை; அது அவனை வீடு வரைக்கும் நடக்கவைத்தது. முழுவதையும் சொல்லி முடித்தால்தான் ஏற்றுக்கொள்ளப்படுவேன் என்று நினைப்பதில்தான் சிக்கல்.

சங்கீத வழியில் இறங்குகிறவர் முதலில் 13-ஐயும், மூன்றே வசனங்கள் கொண்ட 131-ஐயும் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளலாம். முன்னது முறையிடவும், பின்னது பால்மறந்த குழந்தையாக அமர்ந்திருக்கவும் பழக்கும். பிறகு 130, 63, 103. கடைசியில் சொன்னதில் 13-ஆம் வசனத்தில் கொஞ்சம் நின்று போகவேண்டும்: “தகப்பன் தன் பிள்ளைகளுக்கு இரங்குகிறதுபோல, கர்த்தர் தமக்குப் பயந்தவர்களுக்கு இரங்குகிறார்.” 88-ஐத் தொடக்கத்தில் எடுக்கவேண்டாம். அது புத்தகத்தில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்திருந்தால் போதும்.